தோட்ட டிராக்டருக்கு வீட்டிலேயே டயர் மாட்டிய கதை

பின் டயர் இரண்டிலும் பக்கவாட்டு ரப்பர் வெடித்து உள்ளே நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதே 20×8.00-8 அளவில் புது டயர் வாங்கி நானே மாட்டினேன்.

சக்கரத்தைக் கழற்றுவது சுலபம். நடுவிலுள்ள மூடியை எடுத்து, கிளிப்பை நெம்பினால் வாஷரோடு வந்துவிடும். அச்சில் இருக்கும் சின்னச் சதுரச் சாவியை (சக்கரத்தை அச்சோடு சேர்த்துச் சுற்றவைக்கும் இரும்புத் துண்டு) மட்டும் பத்திரப்படுத்துங்கள், புல்லில் விழுந்தால் தேடி மாளாது.

பழைய டயர் ரிம்மோடு ஒட்டிப்போயிருந்தது. ஏறி மிதித்தும் அசையவில்லை. காருக்கு அடியில் படுக்கப் போட்டு, ரிம்மை ஒட்டி டயர்மேல் பலகை வைத்து, அதற்கும் காருக்கும் நடுவே ஜாக்கியை ஏற்றினேன். மெதுவாக இறங்கிவிட்டது. ரிம் விளிம்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தேன், இல்லாவிட்டால் அந்த வழியாகக் காற்று கசியும்.

புது டயரின் முதல் விளிம்பு சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு ஏறியது. இரண்டாவது விளிம்போடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன்: ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்க விளிம்பு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால்தான் இந்தப் பக்கம் தளரும். முழங்காலால் அதை உள்ளே அழுத்திக்கொண்டு லீவரைப் போட்டேன், சுளுவாக இறங்கியது.

அடுத்தது காற்று. இது டியூப் இல்லாத டயர். கட்டிவைத்ததில் அமுங்கிப்போய், விளிம்பு ரிம்மைத் தொடவே இல்லை, அடிக்கிற காற்றெல்லாம் வெளியே போனது. டயரைச் சுற்றி நடுவில் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கினேன். பக்கங்கள் பிதுங்கி ரிம்மை ஒட்டின. வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸர் காற்றைத் திறந்தேன், காற்று மளமளவென்று நிறைந்தது. டயர் பிடித்ததும் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுத் தள்ளி நின்றேன். டப், டப் என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்தன. அப்புறம் ஊசியைப் போட்டு 10 பிஎஸ்ஐ வைத்தேன். டயரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். உட்காரவில்லையா, காற்றை இறக்கி மறுபடி சோப்பு தடவுங்கள். பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்து உட்கார வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், கை போய்விடும்.

இரண்டாவது டயரையும் முதலாவது போலவே மாட்டியிருந்தேன். வால்வு வெளிப்பக்கம் வரும்படி வைத்துப் பார்த்தால், டயர் உருள வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி பின்பக்கம் காட்டுகிறது. சரி என்று மறுபடி கழற்றித் திருப்பினேன். இந்த முறை முதலிலேயே எதிர்ப்பக்கத்தைப் பள்ளத்தில் அழுத்திக்கொண்டதால் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.