போர்த்துகீசியம் கற்கும் சீனர்களோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லிஸ்பனிலிருந்து:
மாலை வகுப்பில் என்னோடு படித்த சீனர்கள் பெரும்பாலும் ஜெஜியாங் மாகாணத்தவர்கள். பகல் முழுக்க மார்த்திம் மொனிஷ் பக்கம் கடையில் நின்றுவிட்டு வருவார்கள். அவர்கள் அளவுக்கு யாரும் வீட்டுப்பாடம் எழுதியதில்லை. ஆனாலும் வினைச்சொல்லில் மாட்டிக்கொள்வார்கள்.

பேசினேன், பேசினாய், பேசினார் என்று நமக்கு விகுதியிலேயே ஆளும் காலமும் தெரிந்துவிடும். போர்த்துகீசியத்திலும் அப்படித்தான்: ஃபலேய், ஃபலாஷ்ட், ஃபலோ. சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் 'பேசு' என்பதற்கான 'ஷுவோ' யார் பேசினாலும், நேற்றானாலும் நாளையானாலும் மாறாது. செயல் முடிந்ததைக் காட்ட 'லெ' சேர்ப்பார்கள். அதை நம்பி எல்லாவற்றையும் ஒரே இறந்தகாலத்தில் சொன்னால், சின்ன வயதில் தினமும் ஆற்றங்கரையில் விளையாடிய பழக்கம் ஏதோ ஒருநாள் நடந்த சம்பவமாகிவிடும். போர்த்துகீசியத்தில் இரண்டுக்கும் தனித்தனி வடிவம் உண்டு.

ஒரு தோழி தன் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆசிரியர் இதற்காகவே வரிக்கு வரி நிறுத்துவார். தோழி பேச்சையே விட்டுவிடுவார். எனக்கு அது பொறுக்காது. முழுதாகச் சொல்லவிட்டுப் பிறகு திருத்தலாமே!

சாவ் பாவ்லோவிலிருந்து:
உச்சரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாண்டரின் பேசுபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 'பொம்பா' என்பதை 'படம்' சொல்லில் வரும் பகரத்தோடு சொன்னால் புறா, 'பஸ்' சொல்லில் வரும் பகரத்தோடு சொன்னால் வெடிகுண்டு. மாண்டரினில் பகரங்களைப் பிரிப்பது மூச்சுக்காற்று, தொண்டை அதிர்வு இல்லை. போர்த்துகீசியப் பகரம் எதிலும் அந்தக் காற்று வராததால் இரண்டும் அவர்கள் காதில் ஒன்றாகவே விழும். தொண்டையில் விரல் வைத்து அதிர்வை உணரச் சொல்லித்தான் பழக்கினேன். தகர, ககர வரிசைகளிலும் இதே பாடுதான்.

மக்காவ் (Macau) நகரிலிருந்து:
இங்கே நிலைமை வேறு. இந்த ஊரை ஆண்ட போர்ச்சுகல் 1999-ல் சீனாவிடம் ஒப்படைத்த பிறகும் போர்த்துகீசியம் ஆட்சிமொழிகளில் ஒன்று. தெருப் பெயர்கள் நீல வெள்ளை ஓடுகளில் இரண்டு மொழியிலும் இருக்கும். ஆனால் கடையிலும் பஸ்ஸிலும் கேட்பது தென்சீனத்து மொழியான கான்டனீஸ்தான். சக ஊழியரின் மகள் சட்டம் படிக்கிறாள், சட்டப் புத்தகம் தடையில்லாமல் வாசிப்பாள். லிஸ்பன்காரர் வாய் திறந்தால் பிடிபடாது, அழுத்தமில்லாத உயிரொலிகளை அவர்கள் விழுங்கிவிடுவதால். பிரேசில்காரர்கள் அவற்றைத் தெளிவாகச் சொல்வார்கள் என்பதால் முதலில் பிரேசில் செய்திகளைக் கேட்கச் சொன்னேன். இப்போது லிஸ்பன் வானொலியும் கேட்கிறாள், பாதிக்கு மேல் புரிகிறதாம்.