ஓய்வு பெற்றவர்கள் பழைய நிறுவனத்திடம் கணக்குக் கேட்கலாமா?

களத்துமேடு:
நிவாரணப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து, வேலை பார்த்த நிறுவனத்துக்குத் திறந்த கடிதம் ஒன்று எழுதியிருக்கிறோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஓர் அகதி முகாமில் நடத்திய உணவுப் பங்கீடு முடிந்ததும் வெளியாட்களை வைத்து மதிப்பீடு செய்தார்கள். அந்த அறிக்கை நிதி கொடுத்தவர்களுக்குப் போனது. முகாமில் இருந்தவர்களுக்கு ஒரு பக்கம்கூடக் காட்டவில்லை. அதை வெளியிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. பழைய ஊழியர்கள் பலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். ஏன் என்று இங்கேயே பேசிவிடலாம்.

நான் ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பங்கீட்டுக்கும் பிறகு குடிசை குடிசையாகப் போய்க் கருத்துக் கேட்பது வழக்கம். "அளவு சரியாக இருந்ததா? யாராவது பணம் கேட்டார்களா?" என்று படிவத்தில் இருக்கும். கேட்கப் போகிற பையனுக்குப் பக்கத்தில் முகாம் கமிட்டித் தலைவர் நிற்பார். ரேஷன் அட்டையில் யார் பெயர் இருக்கும், யார் பெயர் போகும் என்பதெல்லாம் அவர் சொல்படிதான். குடிசையில் இருக்கும் அம்மா முதலில் அவர் முகத்தைப் பார்ப்பார். பிறகு "எல்லாம் சரி" என்பார். படிவத்தில் ஒரு டிக் விழும். அந்த டிக்குகளைக் கூட்டித்தான் "பயனாளிகள் திருப்தி" என்று மேலே அனுப்பினார்கள்.

பேரேடு:
அண்ணா, நீங்கள் சொல்வது உண்மை. நிதிப் பிரிவில் இருந்து நானும் பார்த்ததுதான். ஆனாலும் கையெழுத்துப் போடமாட்டேன்.

2018 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். ஹைட்டியில் ஆக்ஸ்பாம் என்ற பிரிட்டிஷ் நிவாரண நிறுவனத்தின் ஊழியர்கள் செய்த பாலியல் முறைகேடு பத்திரிகையில் வந்த சில நாட்களிலேயே சுமார் 7,000 பேர் மாத நன்கொடையை நிறுத்திவிட்டார்கள். பிரிட்டிஷ் அரசிடம் புதிதாக நிதி கேட்பதில்லை என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தப்புச் செய்தவர்கள் 2011இலேயே வேலையை விட்டுப் போயிருந்தார்கள். நிதி குறைந்தால் அடி விழுவது எங்கோ வேறு நாட்டில் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் மேல்தான்.

அரசுகளையும் மறக்காதீர்கள். 2009 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அதிபர் பஷீருக்குப் பிடியாணை போட்டதும், சூடான் 13 வெளிநாட்டு நிவாரண நிறுவனங்களை வெளியேற்றியது. தார்பூர் முகாம்களில் மருத்துவத்துக்கும் குடிநீருக்கும் அவற்றையே நம்பியிருந்தவர்கள் ஏராளம். நம் கடிதம் அப்படியொரு அரசின் கையில் சிக்கினால் யார் பொறுப்பு?

தாதியம்மா:
தம்பி, ஆக்ஸ்பாம் விஷயத்தை நீங்கள் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். 2011இல் உள்விசாரணை நடந்தது. "ஒழுங்கீனம்" என்று அறிவித்தார்கள், பாலியல் முறைகேடு என்று சொல்லவில்லை. அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அடுத்து வங்கதேசத்தில் இன்னொரு நிவாரண நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நன்கொடையாளர்களுக்குக் கோபம் வந்ததில் மறைத்ததற்கும் பெரிய பங்கு உண்டு. வேலைக்கு எடுக்கும் முன் பழைய நிறுவனத்திடம் ஒழுங்கு நடவடிக்கை பற்றிக் கேட்கும் பொது ஏற்பாடு 2019இல்தான் வந்தது. இத்தனைக்கும் கினி, லைபீரியா, சியரா லியோன் முகாம்களில் உணவைக் காட்டிச் சிறுமிகளைச் சுரண்டுகிறார்கள் என்ற அறிக்கை 2002இலேயே வந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஐ.நா. பொதுச் செயலாளர் இதைத் தடைசெய்து ஆணையும் போட்டார். ஆணை இருந்தும் ஹைட்டி நடந்தது.

உண்மையைச் சொன்னால் பணம் நின்றுவிடும் என்கிறீர்கள். 2005 ஜனவரியில், சுனாமிக்கு வந்த பணம் போதும், இனி அனுப்பாதீர்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வெளிப்படையாகச் சொன்னது. வந்த பணத்தை வேறு இடங்களுக்குச் செலவிடக் கொடுத்தவர்களிடமே சம்மதமும் கேட்டது. அந்த அமைப்பு இன்றும் தனியார் நன்கொடையில்தான் நடக்கிறது.

ஆழ்துளை:
நான் தண்ணீர், கழிவுநீர் வேலை பார்த்தவன். அறிக்கையை வெளியிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஹைட்டி காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 அக்டோபர். மிர்பலே அருகே ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு, ஆர்டிபோனிட் ஆற்றில் சேரும் ஓடையில் கலந்தது. கழிவுக் குழாயை ஒழுங்காக அமைப்பது எங்கள் வேலையில் முதல் பாடம். பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் கொடுத்த இழப்பீட்டு மனுவை ஏற்க முடியாது என்று 2013இல் ஐ.நா. சொல்லிவிட்டது. அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள், ஐ.நா.வுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று வழக்கு விழுந்தது. பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்.

இதில் யாருக்கு எது தெரியாமல் இருந்தது? காலரா எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ ஆய்வுகள் சொல்லிவிட்டன. பாதிக்கப்பட்டவர் போய்த் தட்ட ஒரு கதவு இல்லை என்பதுதான் குறை. புகாரை விசாரிப்பவர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கக்கூடாது. கடிதத்தில் அதைச் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

பேரேடு:
கடிதம் எழுதுகிற நாமெல்லாம் பணிக்கொடை வாங்கிக்கொண்டு பத்திரமாக இருக்கிறோம். அங்கே உள்ளூர் ஊழியர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். அறிக்கையில் பெயர் இருக்காது, "கிடங்கு மேற்பார்வையாளர் தெரிவித்தார்" என்று மட்டும் இருக்கும். அந்த முகாமில் கிடங்கு மேற்பார்வையாளர் ஒரே ஒருவர்தான். 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் சுட்டுக்கொல்லப்பட்ட, ஏசிஎஃப் என்ற பிரெஞ்சு நிவாரண நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேரும் உள்நாட்டவர்கள். ஆபத்து எப்போதும் யார் தலையில் விடிகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

களத்துமேடு:
கிடங்கு மேற்பார்வையாளர் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். பதவிப் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு வெளியிடச் சொல்லிக் கடிதத்தைத் திருத்துகிறேன். ஆழ்துளை ஐயா கேட்டதையும் சேர்க்கிறேன்.

ஆனால் "அனுமதி போய்விடும்" என்ற பயத்துக்கு நான் இறங்கிவரமாட்டேன். இலங்கைப் போரின்போது வன்னியில் இருந்து ஐ.நா. 2008 செப்டம்பரில் வெளியேறியது. பிறகு போர் முடியும்வரை அதன் அதிகாரிகள் கொழும்பில் உயிரிழப்புக் கணக்கைத் திரட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதை வெளியே சொல்லத் தயங்கினார்கள். சொன்னால் உதவி கொண்டுபோக அனுமதி கிடைக்காது என்ற கவலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2012 நவம்பரில் வந்த சார்லஸ் பெட்ரி குழுவின் உள் ஆய்வு அதை அமைப்பு ரீதியான தோல்வி என்றே எழுதியது. மௌனம் காத்தும் மக்களைக் காப்பாற்ற முடியவில்லை. சில இடங்களைக் கறுப்பு மையால் மறைத்தாலும் அந்த அறிக்கையை ஐ.நா. வெளியிட்டது. அதனால் ஐ.நா. மூடப்பட்டுவிடவில்லை.

தாதியம்மா:
இன்னொன்று. வெளியிட்டால் யார் படிப்பார்கள்? நூறு பக்க ஆங்கிலம் முகாமுக்குள் போகாது. அவர்கள் மொழியில் சுருக்கி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கமிட்டித் தலைவர் இல்லாத இடத்தில், பெண்களுக்குத் தனியாக.

களத்துமேடு:
சேர்த்துவிட்டேன் அக்கா.

பேரேடு:
திருத்திய வரைவைப் படித்தேன். முன்பைவிட எவ்வளவோ மேல். நாட்டின் பெயரையும் எடுத்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

களத்துமேடு:
அதை எடுக்க முடியாது தம்பி. எடுத்தால் இது தங்களைப் பற்றிய கடிதம் என்று அந்த முகாமில் இருந்தவர்களுக்கே தெரியாது.

பேரேடு:
அப்படியானால் என் பெயர் வேண்டாம் அண்ணா. கணக்கு விவரம் ஏதாவது சரிபார்க்க வேண்டுமென்றால் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.