நகரவாசி சுதந்திரமானவனா? செயின்ட் ஆல்பன்ஸ் திருகைக்கல் விவாதம்

ஆற்றங்கரையான்:
"இடைக்கால இங்கிலாந்தில் பண்ணையாள்தான் பிரபுவுக்குக் கட்டுப்பட்டவன், நகரவாசி யாருக்கும் தலைவணங்காத சுதந்திர மனிதன்" என்று பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குப் பாராட்டு வேறு. படித்ததும் எரிச்சல்தான் வந்தது.

செயின்ட் ஆல்பன்ஸ் ஊரே அங்கிருந்த கிறிஸ்தவத் துறவி மடத்துக்குச் சொந்தம், மடாதிபதிதான் பிரபு. அந்த நகரத்துக்காரன் தன் தானியத்தைத் தன் வீட்டுத் திருகையில் அரைக்க முடியாது. மடத்து ஆலைக்குச் சுமந்துபோய், அரைத்ததில் ஒரு பங்கை மடத்துக்கு விட்டுவிட்டு வர வேண்டும். 1330களில் மடாதிபதி ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் நகரத்தாரின் திருகைகளைப் பறித்து, அந்தக் கற்களைத் தன் மடத்துக் கூடத்துத் தரையில் பதித்தார். தினமும் அவற்றை மிதித்து நடந்தார்கள். இதுவா சுதந்திரம்?

நகர்வலம்:
அதை எழுதியவன் நான்தான், ஒளிந்து பேச வேண்டாம். சாசனம், அதாவது பிரபுவோ மன்னரோ எழுதிக் கொடுத்த உரிமைப் பத்திரம், பெற்ற நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் தங்கிவிட்ட பண்ணையாளைப் பிரபு திரும்ப இழுத்துப்போக முடியாது. இது 12ஆம் நூற்றாண்டிலேயே இருந்த வழக்கம். 1196இல் வூஸ்டர் பிஷப் ஸ்ட்ராட்ஃபோர்டில் மனை பிரித்துக் கொடுத்தபோது வாடகை ஆண்டுக்கு 12 பென்னி. மான்செஸ்டரின் 1301 சாசனத்திலும் அதே 12 பென்னி. பிரபுவின் வயலில் வாரம் தவறாமல் உழ வேண்டியதில்லை, பணத்தைக் கட்டினால் முடிந்தது. ஒற்றைத் திருகையை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றையே எழுதிவிட்டீர்கள்.

பொதுவாசகன்:
முதலில் எந்த நகரம் என்று பிரித்துக்கொள்ளலாமே? லண்டன் மாதிரி மன்னர் கையிலிருந்த நகரம் வேறு, மடத்துக்குச் சொந்தமான நகரம் வேறு.

ஆற்றங்கரையான்:
அந்த 12 பென்னி யாருக்குப் போனது? பிரபுவுக்குத்தானே! சாசனத்தைக் கொடுத்தவரும் அவர்தான். கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் பார்க்கும் என்பதற்குத்தான் திருகைக்கல்லைச் சொன்னேன், அதற்குப் பதில் வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மடத்துக்குச் சொந்தமான இன்னொரு ஊரான பரி செயின்ட் எட்மண்ட்ஸில் டீன் ஹெர்பர்ட் என்பவர் ஒரு காற்றாலை கட்டினார். மடாதிபதி சாம்சனுக்கு வந்த கோபத்தில், அதை இடிக்கும்வரை சாப்பிட மாட்டேன் என்றார். காற்று எல்லோருக்கும் பொதுதானே என்று ஹெர்பர்ட் கெஞ்சினார். எடுபடவில்லை. மடத்து ஆட்கள் வருவதற்குள் அவரே ஆலையைப் பிரித்துவிட்டார். காற்றுக்குக்கூட உரிமை கொண்டாடிய பிரபுவைத்தான் நீங்கள் வெறுமனே வாடகை வாங்குகிறவர் என்கிறீர்கள்.

நகர்வலம்:
ஹெர்பர்ட் ஒரு பாதிரியார். நகர வணிகர் அல்ல. உதாரணத்தைக்கூடச் சரியாக எடுக்கத் தெரியாதவரோடு என்ன விவாதம்?

ஆற்றங்கரையான்:
பாதிரியாருக்கே அந்த கதி என்றால் ரொட்டி சுடுகிறவனுக்கு என்ன கதி என்று யோசியுங்கள். திருகைக்கல்லுக்குப் பதில் சொல்லுங்கள்.

நூலகப்பூனை:
ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்டைத் திருகை பறித்தவர் என்று மட்டும் எழுதுவது அநியாயம். கொல்லர் மகனாகப் பிறந்து, வானியல் கற்று, கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் கடிகாரத்தை வடிவமைத்த மேதை அவர். தொழுநோயோடே மடத்தை நடத்தி 1336இல் இறந்தார். கடனில் கிடந்த மடம் தன் வருமானத்தைக் காப்பாற்றத்தானே செய்யும்?

ஆற்றங்கரையான்:
மேதைதான், யார் மறுத்தார்கள்? தேவாலயம் இடிந்து கிடக்கும்போது கடிகாரத்துக்கு இவ்வளவு செலவா என்று மூன்றாம் எட்வர்ட் மன்னரே அவரைக் கேட்டார். கோயிலைப் பின்னால் வருகிறவர்கள் கட்டிக்கொள்வார்கள், கடிகாரத்தை வேறு யாராலும் முடிக்க முடியாது என்று பதில் சொன்னவர் அவர். கொல்லர் மகனுக்கு உழைக்கிறவன் வீட்டுத் திருகையின் அருமை தெரிந்திருக்க வேண்டும். அதுதான் என் ஆத்திரம்.

நூலகப்பூனை:
கடிகாரத்தைப் பற்றித் தெரியாமல் பேசாதீர்கள். அதற்குத் தனி இழை போடுகிறேன்.

நகர்வலம்:
பூனையாரே, திசை திருப்பாதீர்கள். 1327இல் பரி நகரத்தார் மடத்தைச் சூறையாடினார்கள். அடுத்த ஆண்டு மடாதிபதியையே கடத்திக் கடல் தாண்டி, இன்றைய பெல்ஜியம் பக்கமுள்ள பிரபாந்துக்குக் கொண்டுபோனார்கள். அடிமைகளால் முடிகிற காரியமா அது? பணமும் துணிச்சலும் உள்ள வணிகர்கள் செய்தது.

ஆற்றங்கரையான்:
சுதந்திரமாக இருந்தவன் எதற்காக மடாதிபதியைக் கடத்த வேண்டும்? அதை யோசித்தீர்களா?

செயின்ட் ஆல்பன்ஸுக்கு வாருங்கள். கற்களைப் பதித்து அரை நூற்றாண்டு கழித்து, 1381 ஜூனில், இங்கிலாந்தில் உழவர் கலகம் வெடித்தபோது, வில்லியம் கிரின்ட்காப் என்ற நகரவாசியின் தலைமையில் நகரத்தார் மடத்துக்குள் புகுந்து அந்தத் திருகைக்கற்களைப் பெயர்த்தார்கள். துண்டு துண்டாக உடைத்து, கோயிலில் ஆசீர்வதித்த ரொட்டியைப் பங்கிடுவதுபோல ஆளுக்கொரு துண்டு வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். தாத்தாவிடம் பறித்த கல்லைப் பேரன் வந்து எடுத்திருக்கிறான். அந்த அவமானம் அவ்வளவு காலம் உள்ளே கிடந்திருக்கிறது.

நகர்வலம்:
இதை எழுதியவர் தாமஸ் வால்சிங்கம், அதே மடத்துத் துறவி. கலகக்காரர்களைக் கேவலப்படுத்த எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறீர்கள். கம்பளி வணிக இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள். ஆதாரம் கேட்டதும் ஆளைக் காணோம்.

ஆற்றங்கரையான்:
கம்பளி இழையில் ஓடியது யார் என்று அதைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

வால்சிங்கம் எதிர்த்தரப்பு என்பதால்தான் அவர் சாட்சியம் கனமானது. தரையில் பதித்த கதை தன் மடத்துக்குப் பெருமை என்றா எழுதினார்? கலகம் அடங்கியபின் பிடிபட்டு, பிணையில் வெளியே வந்த கிரின்ட்காப், கலகத்தின்போது மடாதிபதியிடம் வாங்கிய சாசனங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஊராரிடம் சொல்லாமல், உறுதியாக நில்லுங்கள் என்று சொன்னதையும் அவர்தான் எழுதிவைத்திருக்கிறார். அந்த மனிதரைத் தூக்கிலிட்டார்கள். உழவர் கலகத்தைத் தூண்டிய பாதிரியார் ஜான் பாலையும் அதே ஊரில்தான், அந்த ஆண்டு ஜூலையில் கொன்றார்கள்.

நகர்வலம்:
அதே கூட்டம்தான், எட்டாம் நூற்றாண்டு ஓஃபா மன்னர் பொன்னும் நீலமுமான எழுத்தில் கொடுத்த சாசனம் ஒன்று இருக்கிறது, எடுத்துக் கொடு என்று மடாதிபதியை மிரட்டியது. அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. இல்லாத சாசனத்துக்காகக் கலகம் செய்தவர்களை நீங்கள் தியாகியாக்குகிறீர்கள்.

பொதுவாசகன்:
மறுபடியும் கேட்கிறேன், எந்த வகை நகரத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆற்றங்கரையான்:
சாசனமெல்லாம் மடத்துப் பெட்டிக்குள் இருந்தால் ஊரார் நினைவில் இருப்பதைத்தானே கேட்பார்கள்? ஓஃபாவைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், நாளைக்குக் காணாமல் போய்விடாதீர்கள். அதற்கு முன்னால் திருகைக்கல்லுக்குப் பதில் வேண்டும்.

நகர்வலம்:
12 பென்னிக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்.