ஊரிலிருந்து: பழைய மடல்களும் அக்காவின் விரல்களும்

அன்புள்ள உறவுகளுக்கு,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து வணக்கம். வந்து மூன்று கிழமை ஆகிறது. போய்ச் சேர்ந்ததாக ஒரு வரிகூட எழுதவில்லையே என்று ஒஸ்லோத் தங்கச்சி கேட்டிருந்தார். எழுதப் பார்த்தேன், விடவில்லை. புதிய நாட்டிலிருந்து நுழைகிறேன் என்று கண்ட என் மின்னஞ்சல் கணக்கு, நான் நான்தானா என்று உறுதிப்படுத்த ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பியது. எங்கே? ரொறன்ரோ வீட்டில், மேசை லாச்சிக்குள் அணைத்து வைத்துவிட்டு வந்த கைத்தொலைபேசிக்கு. இங்கே காலை பதினொரு மணி என்றால் அங்கே பின்னிரவு ஒன்றரை. மகனை எழுப்பி, லாச்சியைத் திறக்கச் சொல்லி, தொலைபேசிக்கு மின்னேற்றி, அவன் கொட்டாவியோடு எண்ணை வாசித்து முடிப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. இரண்டாவது எண்ணில் உள்ள ஏழை நான் ஒன்றாக அடித்தேன். மூன்றாவது முறை கணக்கே ஒரு நாளுக்குப் பூட்டிக்கொண்டது. என் சொந்த வீட்டுக் கதவு என்றால் இதற்குள் உடைத்திருப்பேன்.

ஊர்ப் புதினம் கொஞ்சம். கச்சான் காற்று வீசுகிறது. முற்றத்தில் காயப்போட்ட வேட்டி அரை மணியில் அப்பளமாகிவிடுகிறது. கடல் குளம்போலக் கிடக்கிறது, நிலாவெளிப் பக்கம் முழுக்க வெளிநாட்டுப் பயணிகள். கோணேசர் கோயிலுக்கு விடியற்காலையில் போய்வந்தேன். கோட்டைக்குள் மான்கள் முன்புபோலவே ஆட்களுக்கு வழிவிடுவதில்லை. ஒன்று என் கையில் இருந்த அர்ச்சனைப் பையை முகர்ந்து, வாழைப்பழத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போனது. ஐயர், "அவருக்கு முன்னமே படைத்துவிட்டீர்களாக்கும்" என்றார்.

நம் மின்னஞ்சல் குழுவின் பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை இலங்கை நேரம் மாலை 7.30. ரொறன்ரோவுக்குக் காலை 10, லண்டனுக்குப் பிற்பகல் 3, ஒஸ்லோவுக்கு 4. சிட்னி அண்ணாவுக்குச் சரியாக நள்ளிரவு. அண்ணா, கோபிக்கவேண்டாம், போனமுறை நீங்கள் காலைத் தேநீரோடு இருந்தபோது நாங்கள்தான் நித்திரை முழித்தோம்.

இனி நான் எழுத வந்த விஷயம். சுனாமி அடித்த 2004 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் நம் குழுவில் வந்த மடல்களைத் தொகுத்து வைப்பது என்று போன வருடம் முடிவெடுத்தோம் அல்லவா? பொறுப்பை என் தலையில் கட்டினீர்கள். நமக்கு இடம் தந்த இலவசச் சேவை, பழையவற்றையெல்லாம் அழிக்கப்போவதாக 2019இல் அறிவித்தபோது லண்டன் மச்சான் அவசர அவசரமாக இறக்கிவைத்த கோப்பு ஒன்றுதான் நம்மிடம் மிச்சம். அவர் அன்று செய்திருக்காவிட்டால் இதுவும் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் குறைகளைச் சொல்லவேண்டும்.

கோப்பைத் திறந்தால் ஒரு சொல் தமிழில்லை. ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், சதவீதக் குறிகள், அடைப்புக்குறிகள். இளையவர்களுக்கு விளக்கவேண்டும்: அந்தக் காலத்தில் நம்மில் அனேகர், தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோட் முறையைப் பாவிக்கவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்தோம். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம், எழுத்துரு அதன்மேல் போட்ட தமிழ்ச் சட்டை. அனுப்புகிறவரிடமும் வாசிக்கிறவரிடமும் அந்த எழுத்துரு இருக்கவேண்டும். சட்டையைக் கழற்றினால் "அம்மா" என்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். மச்சானின் கோப்பில் மடல்கள் எல்லாம் சட்டையில்லாமல்தான் நின்றன.

மாற்றித்தரும் நிரல்கள் இணையத்தில் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. சிக்கல் நம்முடையது. ஒரே வரியில் பாதி பாமினியும் பாதி ஆங்கிலமுமாக எழுதினோம். நிரலுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதிய கனடா "ஊயயெனய" ஆனது. ரொறன்ரோ "வுழசழவெழ". கொழும்பு "ஊழடழஅடிழ", இதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், காய்ச்சல்காரன் பிதற்றல்போல இருக்கும். ஆங்கிலக் காற்புள்ளி உள்ள விசையில் பாமினிக்கு "இ" இருப்பதால், அவசரத்தில் காற்புள்ளிக்கு அதைத் தட்டியவர்களின் வாக்கியங்களில் மூச்சுவிடும் இடமெல்லாம் ஒரு "இ" உட்கார்ந்திருக்கிறது. தொலைபேசிக்குச் சொல்லி எழுதவைக்கலாம் என்று மருமகன் யோசனை சொன்னான். நான் உப்புவெளி என்றேன், அது "உப்பு வேலி" என்று எழுதியது. அத்தோடு அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

மூலத்தையும் மாற்றியதையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்று, பட்டணத்துக்குக் கொண்டுபோய் இரண்டையும் அச்செடுத்தேன். கடைப் பையன் மூலத்தின் முதல் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, மை பிழையா, உங்கள் கோப்புப் பிழையா?" என்று கேட்டான். இரண்டும் இல்லை, வயது என்றேன்.

விறாந்தையில் உட்கார்ந்து வேலை தொடங்கினேன். ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மூலத்தில், ஆங்கிலச் சொல் எதுவும் இருக்க நியாயமில்லாத இடங்களில்கூட, எஃப், எல், வை, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. ஃப்ளை. ஈ. முதல் பக்கத்தில் ஆறு இடம், இரண்டாவதில் ஒன்பது. சுனாமி நேரத்தில் இவ்வளவு ஈயைப் பற்றி யார் எழுதினார்கள், நோய் பரவும் என்று பயந்து எழுதியிருப்பார்களோ என்றெல்லாம் யோசித்தேன். மாற்றிய தாளில் அதே இடத்தைப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும், நான் அப்போது அதைக் காற்றுக்குப் பறக்காமல் தேங்காயை வைத்து அமத்திவிட்டிருந்தேன்.

அக்கா எதிரே முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தாளை என் பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்தவர், தன் பக்கம் திருப்பினார். கையைச் சேலையில் துடைத்தார். மேசை விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்து விரல்களை வளைத்தார். இடது சுட்டுவிரல் ஒருமுறை தட்டியது. வலது மோதிரவிரல் ஒருமுறை. வலது சுட்டுவிரல் மேலே எட்டித் தட்டியது. கடைசியாகச் சுண்டுவிரல்.

"க, ட, ல, குற்று. கடல். ஈ எங்கேயடா இருக்கிறது?"

உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும், அக்கா அரச அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக வேலை பார்த்தவர். பாமினியின் விசைகள் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைகளைப் பின்பற்றியவை. இடது கையின் நான்கு விரல்களுக்கும் யளனக, அதுதான் வகுப்பில் முதல் நாள் பாடம். அக்காவுக்கு அந்த ஆங்கில எழுத்துகள் ஆங்கிலமே இல்லை, எந்த விரல் எங்கே விழுந்தது என்ற குறிப்பு மட்டுமே. நாலைந்து வரி மேசையில் தட்டித் தட்டி வாசித்தவர், அதன்பின் தட்டாமலே வாசித்தார். மூதூர் சதவீதக் குறியில் தொடங்குவதைப் பார்த்து நான் திகைத்த இடத்தில் அவர் நிற்கவேயில்லை.

பிறகுதான் சொன்னார்: "இதில் முக்கால்வாசி நான் அடித்தது."

எனக்கு அது தெரியாது. 28ஆம் திகதியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிழமை, பட்டணத்தில் இணையம் இருந்த ஒரு கடைக்கு ஒவ்வொரு நாளும் போய், எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் இருக்கிறார்கள், எந்தக் கோயிலில் யார் இருக்கிறார்கள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வந்ததை அடித்துக் கொடுத்திருக்கிறார். அனுப்பியவர் பெயராகக் கடைக்காரரின் மின்னஞ்சல் முகவரிதான் இருக்கிறது. நாங்கள் அங்கே பனிக்குள் இருந்துகொண்டு, யாரோ ஒரு தம்பி அனுப்புகிறார் என்று நினைத்து, "நன்றி தம்பி" என்று பதில் எழுதியிருக்கிறோம். அந்தப் பதில்களும் கோப்பில் இருக்கின்றன. என்னுடையதும் ஒன்று. அக்காவே அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

அந்த நாட்களை நினைக்கையில் எனக்கு முதலில் வருவது நேரம்தான். இங்கே 26ஆம் திகதி ஞாயிறு, பௌர்ணமி விடுமுறை, காலை ஒன்பது மணி. ரொறன்ரோவில் 25ஆம் திகதி இரவு பத்து. நத்தார் விருந்துக்குப் போன வீட்டில் யாரோ தொலைக்காட்சியைப் போட்டார்கள். பதினொரு மணி நேர வித்தியாசமா, குளிர்காலத்தில் பத்தரைதானே என்று லண்டன் மச்சான் கேட்பார், கோப்பின் நேரங்கள் பிழை என்று முன்பே எழுதியவர் அவர். பிழையில்லை மச்சான். அப்போது இலங்கைக் கடிகாரம் இப்போதையதைவிட அரை மணி முன்னால் ஓடியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம்.

இனி ஒப்பிடும் வேலை எப்படி நடக்கிறது என்றால், மூலம் அக்கா கையில், மாற்றியது என் கையில். அவர் வாசிக்க நான் திருத்துகிறேன். காலையில் இரண்டு மணி நேரம், வெயில் ஏறியதும் நிறுத்திவிடுகிறோம். மூன்றாம் நாள் ஓரிடத்தில் வாசிப்பதை நிறுத்தினார்.

"இது என் பிழை."

பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தவர்களின் பட்டியல். பெயர்கள் எதையும் இங்கே எழுதமாட்டேன், அந்தக் குடும்பம் இன்றும் இந்தக் குழுவில் இருக்கிறது. தாயின் பெயர், அதற்குப் பக்கத்தில் "மகள்" என்று இருக்கிறது. இருந்திருக்கவேண்டியது "மகன்". விசைப்பலகையில் ள்ளும் ன்னும் அடுத்தடுத்த விசைகள். ள மோதிரவிரலுக்கு, ன நடுவிரலுக்கு. நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து, பின்னால் மூன்று பேர் கதிரைக்குக் காத்து நிற்க, விரல் ஒன்று தள்ளி விழுந்திருக்கிறது. அந்த வீட்டில் ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தார்கள்.

அடுத்த நாள் மடலில் முதல் வரியே திருத்தம்தான்: "நேற்று மகள் என்று வந்தது மகன். மன்னிக்கவும்." அதற்குக் கீழே மற்றப் பட்டியல் தொடர்கிறது. அந்த இரண்டு மடல்களுக்கும் இடையில் பத்தொன்பது மணி நேரம். நான் கணக்குப் பார்த்தேன், அக்காவுக்குச் சொல்லவில்லை.

தொகுப்பில் அந்தச் சொல்லைத் திருத்திவிடட்டுமா என்று கேட்டேன். ஓர் எழுத்துத்தானே, யாருக்கும் தெரியப்போவதில்லை.

"வேண்டாம்" என்றார். "இங்கே திருத்தினால் அங்கே நான் எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று விளங்காது."

அப்படியே விட்டிருக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்தில் சொல்லலாம். நான் அக்கா பக்கம்.

கடைசியாக, உங்கள் எல்லோரிடமும் ஓர் உதவி. 29ஆம் திகதி மடலில் கிண்ணியா, மூதூர் என்று வரிசையாகப் போகிற பட்டியல் திடீரென்று வேறொரு பெயருக்குத் தாவுகிறது. நடுவில் ஏதோ இல்லை. அக்கா உடனே பிடித்துவிட்டார்: "மூதூருக்கு அடுத்தது ஈச்சிலம்பற்று. நான் அடித்தேன்." மருமகன் கணினி படிப்பவன், வந்து பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்னான். பாமினியில் "ஈ" என்ற எழுத்து, ஆங்கில விசைப்பலகையில் இடப்பக்கம் கூர் காட்டும் கோண அடைப்பின் மேல் இருக்கிறது. இணையப் பக்கத்தின் மொழியில் அது ஒரு கட்டளை தொடங்குகிறது என்பதற்கான குறி. கட்டளை முடியும் குறி வலப்பக்கக் கோண அடைப்பு, பாமினியில் அது காற்புள்ளி. ஆகவே மடல்களை இணையப் பக்கங்களாக இறக்கிக் கட்டளைகளை நீக்கியபோது, ஈச்சிலம்பற்று என்று தொடங்கியது முதல் அடுத்த காற்புள்ளி வரை இருந்ததையெல்லாம் கணினி தன் வேலைக்கான குறிப்பு என்று நினைத்து விழுங்கிவிட்டது. ஒரு தடவை இல்லை, அந்த ஊர்ப் பெயர் வந்த ஒவ்வொரு தடவையும். இதுவரை ஏழு இடம் எண்ணியிருக்கிறோம்.

அங்கே எழுத்தே இல்லாதபடியால் அக்காவின் விரலும் உதவாது. கொப்பி அப்போதே யாரோ வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வரவில்லையாம். 2004 டிசம்பர் 28 முதல் 2005 ஜனவரி 3 வரையான மடல்களை அன்று யாராவது தாளில் அச்செடுத்து வைத்திருந்தால், பழைய கோப்புறை, அலுமாரி, நிலவறைப் பெட்டி எதுவானாலும், தயவுசெய்து ஒருமுறை கிளறிப் பாருங்கள். ஒஸ்லோத் தங்கச்சி, உங்கள் அப்பா எல்லாவற்றையும் அச்செடுத்துத் துளைபோட்டுக் கட்டி வைப்பார் என்று ஞாபகம். கிடைத்தால் மாற்றி அடித்து அனுப்பவேண்டாம். தாளைப் படம் எடுத்து அப்படியே அனுப்புங்கள், அக்கா வாசிப்பார்.

உப்புவெளியிலிருந்து,
உங்கள் செயலாளர்