மாட்டுப் பொங்கலும் செட்சி ஈயும்

குழு: கீழத்தெரு சொந்தங்கள்

செல்வி சித்தி: மாட்டுப் பொங்கல் வாழ்த்துகள். செவலைக்கும் மயிலைக்கும் கொம்புக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது. [படம்]

கார்த்திக் (டார் எஸ் சலாம், தான்சானியா): அழகு சித்தி! இது போன வாரம் பகமோயோ பக்கம் நான் எடுத்தது. [படம்]

பெரியப்பா: எல்லாப் பெண்களும் தலையில் சுமந்து போகிறார்களே! காலங்காலமாக ஒரு மாட்டு வண்டி கட்டத் தெரியவில்லையா? சோம்பேறித்தனம்.

கார்த்திக்: தலைச்சுமையோடு மைல் கணக்கில் நடப்பவர்களையா பெரியப்பா சோம்பேறி என்கிறீர்கள்? வண்டி கட்டலாம், மாடு பிழைக்க வேண்டுமே. இங்கே செட்சி என்று ஓர் ஈ. அது கடித்து ஏற்றும் கிருமியால் மாடும் குதிரையும் இளைத்து இளைத்துச் செத்துவிடும். மனிதருக்கு வந்தால் தூக்க நோய். சகாராவுக்குத் தெற்கே சுமார் 1 கோடி சதுர கிலோமீட்டரில் இருக்கிறது. இந்தியாவைப் போல மூன்று மடங்கு.

தாத்தா: அப்படியானால் ஏர்?

கார்த்திக்: ஈ இருக்கும் இடங்களில் ஏர் கிடையாது தாத்தா, மண்வெட்டிதான். எத்தியோப்பிய மலைநாட்டுக் குளிரில் ஈ தங்காது. அங்கே பழங்காலத்திலிருந்தே எருது பூட்டி உழுகிறார்கள். தான்சானியாவிலும் ஈ இல்லாத மேட்டு நிலத்தில் மாடு மந்தை மந்தையாக உண்டு.

பெரியப்பா: சரி, வண்டி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஓர் ஈ இத்தனை நாட்டை ஏழையாக்கிவிடுமா?

கார்த்திக்: நெல் மண்டி வைத்திருந்தவர் நீங்கள், கணக்குப் போடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் டங்கனீக்கா ஏரிக்கரை ஊரான உஜிஜியிலிருந்து பகமோயோ துறைமுகத்துக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் நடை. ஓர் ஆள் சுமார் 30 கிலோ தூக்குவான். சோளம் கொண்டு வந்தால் கட்டுமா?

பெரியப்பா: எங்கே கட்டும்? பாதி வழியிலேயே தூக்குகிறவன் தின்று தீர்த்துவிடுவான்.

கார்த்திக்: அதேதான். தந்தம் கட்டியது. அடிமை வியாபாரமும் கட்டியது. அடிமைக்குச் சுமைகூலி கிடையாது, தன் காலாலேயே நடந்து வந்தான். விளைவித்தவனுக்குத்தான் சந்தை இல்லை.

நித்யா: கார்த்திக் அண்ணா, எல்லாப் பழியையும் ஈ மேல் போட்டால் அந்த அடிமையை வாங்கியவனும் விற்றவனும் தப்பித்துக்கொள்வார்கள். அப்புறம், ஈ மட்டும் தானாகவா பரவியது? 1880களின் கடைசியில், எரித்திரியாவில் இத்தாலியப் படைக்காக இறக்கிய மாடுகளோடு வெக்கை நோய் நுழைந்தது. பத்தே ஆண்டில் தென்முனை வரை போய்விட்டது. பல இடங்களில் பத்துக்கு ஒன்பது மாடு சாவு, மனிதர்களுக்குப் பஞ்சம். மேய மாடில்லாமல், வெட்ட ஆளில்லாமல் புதர் மண்டியது. புதரைத் தேடி ஈ வந்தது.

தாத்தா: வெக்கையா! நான் சிறுவனாக இருந்தபோது ஒரே வாரத்தில் நம் தொழுவம் காலி. அந்த வருடம் அப்பா பொங்கலே வைக்கவில்லை.

நித்யா: இப்போது உலகத்திலேயே இல்லை தாத்தா. ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்துவிட்டார்கள்.

செல்வி சித்தி: இந்த ஈயையும் அப்படி ஒழிக்க முடியாதா?

கார்த்திக்: சான்சிபாரின் பெரிய தீவில் ஒழித்தார்கள் சித்தி. முதலில் மருந்தடித்துக் குறைத்தார்கள். பிறகு ஆண் ஈக்களைக் கதிர்வீச்சில் மலடாக்கி விமானத்திலிருந்து விட்டார்கள். பெண் ஈ பெரும்பாலும் ஒருமுறைதான் இணையும். 1997இல் தீவு சுத்தம். ஆனால் அங்கே சுற்றிலும் கடல். இங்கே ஓர் இடத்தில் ஒழித்தாலும் பக்கத்துக் காட்டிலிருந்து வந்துவிடும்.

பெரியப்பா: சோம்பேறி என்று எழுதியதை அழித்துவிடலாம் என்று பார்க்கிறேன். முடியவில்லையே?

நித்யா: நேரம் தாண்டிவிட்டது பெரியப்பா. இருக்கட்டும்.

தாத்தா: கார்த்திக், ஊருக்கு வரும்போது பெட்டியை நன்றாக உதறிவிட்டு வா. செவலை பாவம்.