வேலை ஆளை எப்படியெல்லாம் மாற்றுகிறது? நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்

தொழிற்சாலைச் செவிலியர்

ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் வேலை பார்க்கிறேன். உள்ளே வருகிற தொழிலாளர்களைப் பற்றி மேலே இருப்பவர்கள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அவங்களுக்கு உடம்பைப் பாத்துக்கத் தெரியாது சிஸ்டர்." இந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தயாரிப்பு லைனில் நிற்கும் ஒரு பெண் சிறுநீர்த் தொற்றோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். மாத்திரை முடியும்வரை சரியாக இருக்கும், அப்புறம் மறுபடியும் எரிச்சல், காய்ச்சல். அவர் கையில் இருந்த சீட்டில் "நிறையத் தண்ணீர் குடிக்கவும்" என்று மருத்துவர் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார். ஷிப்டில் எத்தனை தடவை தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டேன். பையைத் திறந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். விளிம்புவரை தண்ணீர். மதியம் தாண்டிவிட்டது, ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"குடிச்சா போகணும் சிஸ்டர். போகணும்னா கையைத் தூக்கி லீடரைக் கூப்பிடணும். நம்ம இடத்துல மாத்தி நிக்கிற ரிலீவர் வர்றவரைக்கும் நிக்கணும். 'இப்பத்தானேம்மா போயிட்டு வந்தே'ன்னு அவர் சத்தமா கேப்பாரு, மொத்த லைனும் திரும்பிப் பாக்கும். அதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்."

இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியவில்லை? தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தெரியும், குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். மானத்தோடு வேலை பார்க்க அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான். இதற்கு விழிப்புணர்வு வகுப்பு வைத்து என்ன பிரயோஜனம்?

தயாரிப்புப் பிரிவு மேலாளரிடம் போய்ப் பேசினேன். ரிலீவரைக் கூப்பிட்டால் வருகிறவராக வைக்காமல், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை லைனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாக வரச் சொல்லுங்கள் என்று கேட்டேன். யாரும் கை தூக்க வேண்டாம், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். முறை வந்தால் போகலாம், வேண்டாமென்றால் அப்படியே நிற்கலாம். முதலில் தயங்கினார், பிறகு ஒரு லைனில் மட்டும் செய்து பார்க்கலாம் என்றார். அந்த லைனில் பாட்டில்கள் காலியாக ஆரம்பித்தன. அந்தப் பெண் அதற்குப் பிறகு அந்தத் தொந்தரவுக்காக என்னிடம் வரவில்லை.

உங்கள் வேலையிடத்தில், வீட்டில், பக்கத்தில் இப்படி நீங்கள் பார்த்தது இருக்கும். எழுதுங்கள்.

பேருந்து ஓட்டுநர்

எங்க டிப்போவுல ஒரு டிரைவர் அண்ணன். அவர் பேரைச் சொன்னாலே கண்டக்டருங்க ட்யூட்டியை மாத்திக் கேப்பாங்க, அவ்வளவு கோபக்காரர். ஹாரன்ல இருந்து கையை எடுக்க மாட்டார். ஸ்டாப்புல வயசானவங்க கையைக் காட்டிக்கிட்டு ஓடி வந்தாலும் வண்டி நகர்ந்துரும். 'கல்நெஞ்சக்காரன்'னு பயணிங்க திட்டாத நாள் இல்லை.

அவர் ஓட்டுன ரூட்டைப் பத்திச் சொல்லணும். அந்த ட்ரிப்புக்கான நேரம், ரோட்டுல இவ்வளவு வண்டி இல்லாத காலத்துல போட்டது. அந்த நேரத்துல இன்னைக்கு யாராலும் போய்ச் சேர முடியாது. தாமதமான ஒவ்வொரு நிமிஷமும் கடைசி ஸ்டாப்புல இருக்குற ஓய்வு நேரத்துல கழியும். ஒரு பாட்டிக்காக நின்னா, அவர் ஒண்ணுக்குப் போற நேரம் போச்சு. இன்னொருத்தருக்காக நின்னா, காலை நீட்டுற நேரமும் போச்சு. அப்புறம் ரெண்டு ட்ரிப்பு இறங்காமலே ஓட்டணும். அவருக்கு சர்க்கரை வேற இருந்துச்சு. அடக்கிக்கிட்டு ஓட்டுறது என்ன கொடுமைன்னு ஓட்டுனவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அவரை நேரம் கொஞ்சம் தாராளமா இருக்குற ரூட்டுக்கு மாத்துனாங்க. அதே ஆளு, அதே வண்டி. நான் ஒருநாள் பயணியா அதுல போனேன். ஒரு பாட்டி படியில ஒரு காலை வச்சுட்டு மூச்சு வாங்கி நின்னாங்க. "அவசரமே இல்லம்மா, மெதுவா ஏறுங்க"ன்னு இவர் திரும்பிப் பார்த்துச் சொல்றார். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இந்த மனுஷனையா கல்நெஞ்சக்காரன்னு சொன்னாங்க!

உடம்பு விஷயத்துல எங்க தொழிலை அந்தக் காலத்துலயே ஆராய்ஞ்சிருக்காங்க. லண்டன் மாடி பஸ்ஸுங்கள்ல நாள் முழுக்க உக்காந்திருக்குற டிரைவருக்கும், படி ஏறி இறங்குற கண்டக்டருக்கும் மாரடைப்பு எப்படி வருதுன்னு ஜெர்ரி மோரிஸ்ங்கிற டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்தார். 1953-ல முடிவு வந்துச்சு, டிரைவருங்களுக்குத்தான் அதிகம். அவர் அதோட விடலை. ரெண்டு பேருக்கும் தைச்ச யூனிஃபார்மோட இடுப்பளவையும் எடுத்துப் பார்த்தார். டிரைவருங்க இடுப்பு பெருசு, அதுவும் சின்ன வயசுக்காரங்ககிட்டயே அந்த வித்தியாசம் இருந்துச்சு. அதனால எல்லாத்தையும் சீட்டு மேலயே போட்டுர முடியாதுதான். ஆனா ஒரே பஸ்ல, ஒரே புகையில வேலை பார்த்த ரெண்டு பேரோட இதயம் ரெண்டு மாதிரி இருந்திருக்குங்கறதை நான் மறக்குறதே இல்லை.

இரவுக் காவலர்

சுருக்கமாச் சொல்றேன். பகல்ல தூங்குறவனைச் சோம்பேறின்னு சொல்லாதீங்க. நான் தூங்குற நேரத்துலதான் காலிங் பெல் அடிக்கும், பக்கத்துல சுவரை இடிப்பாங்க, சொந்தக்காரங்க வருவாங்க. எந்திரிச்சுப் போய்ப் பேசலைன்னா மரியாதை தெரியாதவன். உடம்புக் கடிகாரத்தைக் கெடுக்குற ராத்திரி வேலை புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பிருக்குன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லயே வகைப்படுத்தியிருக்கு. என் தூக்கத்தைக் காப்பாத்துறது எனக்கு வைத்தியம் மாதிரி.

அழைப்பு மையத்தில் வேலை பார்ப்பவர்

என் அறைத்தோழியைப் பற்றி. ஷிப்ட் முடிந்து வந்தால் யாரோடும் பேச மாட்டாள். அம்மா போன் செய்தால்கூட எடுக்காமல் "அப்புறம் கூப்பிடறேன்மா" என்று மெசேஜ் போடுவாள். திமிர் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் அதே தளத்தில் வேலை பார்ப்பதால் எனக்குத் தெரியும். ஓர் அழைப்பு இத்தனை நிமிடத்துக்குள் முடியாவிட்டால் திரையில் எண் சிவப்பாக மாறும். எதிரில் இருப்பவர் எப்படித் திட்டினாலும் நம் குரலில் புன்னகை கேட்க வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அவளுடைய ஹெட்செட்டில் மற்ற பொத்தான்களில் எழுத்து அப்படியே இருக்கிறது, ம்யூட் பொத்தானில் மட்டும் தேய்ந்தே போய்விட்டது. திட்டு வாங்கும்போது அதை அழுத்திக்கொண்டுதான் மூச்சு விடுவாள். வீட்டில் அவள் பேசாமல் இருப்பதை நாங்கள் இப்போது பெரிதுபடுத்துவதில்லை. அவள் அம்மாவுக்கும் நான்தான் எடுத்துச் சொன்னேன். ஆனால் வேலை அப்படியேதான் இருக்கிறது. எப்படி மாற்றுவது என்றும் தெரியவில்லை.

வேலை இழந்தவரின் மனைவி

வேலைப் பளு பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். வேலையே இல்லாமல் போனால் ஆள் என்ன ஆவார் என்பதை நான் சொல்கிறேன்.

என் கணவர் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பு அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தாலும் எதையாவது பழுது பார்ப்பார், படிப்பார், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். வேலை போன பிறகு நாள் முழுவதும் அவருடையது. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை. ஷேவ் செய்வது நின்றது. குழாய் சொட்டுகிறது என்றால் "பாக்கலாம்" என்பார். சாயங்காலம் "இன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. உறவினர்கள் "முயற்சி இல்லாதவர்" என்று என் காதுபடவே பேசினார்கள்.

ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற ஊரைப் பற்றிப் படித்தபோதுதான் என் வீட்டை நான் புரிந்துகொண்டேன். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடப்பட்டது. மரி யாஹோடா என்ற சமூக உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1930களின் தொடக்கத்தில் அங்கே போய்ப் பார்த்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தது, நூலகத்தில் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் மக்கள் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம் குறைந்து, அடிக்கடி நின்று நின்று போனார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் கடிகாரமே இல்லை. பெண்களின் நடை அந்த அளவுக்குத் தளரவில்லை, வீட்டு வேலை அவர்களை விடவில்லை அல்லவா?

ஒரு ஊரே இப்படி ஆகும் என்றால் என் வீட்டுக்காரரின் குணத்தில் என்ன குறை? அதை அவரிடமும் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எனக்கு மட்டும் இல்ல" என்றார். இப்போது ஒரு பட்டறையில் அரை நாள் போய் வருகிறார். சம்பளம் சொற்பம். ஆனால் எழுந்திருக்க ஒரு நேரம் இருக்கிறது, போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது.

சூப்பர்வைசர்

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எல்லாவற்றையும் வேலை மேல் போட்டுவிட்டால் அவரவர் பொறுப்பு என்று ஒன்று இல்லையா? ஒரே லைனில் ஒருவன் புகை பிடிக்கிறான், பக்கத்தில் இருப்பவன் பிடிப்பதில்லை. நானும் வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை பார்க்கிறேன். பிரஷருக்கு மாத்திரை போடுகிறேன். அதற்காக யாரையும் குறை சொல்லவில்லையே.

தொழிற்சாலைச் செவிலியர்

சார், நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற எல்லோருக்கும் ஒரே அளவு இடம் கிடைப்பதில்லை என்கிறேன்.

தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாமல் இருக்கும்போதும், அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் அதே ஆட்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். காசு வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். சில மாதங்களில் அவர்கள் புத்தி வளர்ந்துவிடவில்லை. கவலை பிடித்துவைத்திருந்த மனம் விடுபட்டது, அவ்வளவுதான்.

பிரிட்டனில் 1967-இல் தொடங்கி அரசு அலுவலர்களை ஆராய்ந்தார்கள். மைக்கேல் மார்மட் அதில் பெரும்பங்கு வகித்தவர். அங்கே யாரும் பட்டினி கிடப்பவர் அல்ல, எல்லோருக்கும் மேசை வேலைதான் பெரும்பாலும். ஆனாலும் கடைநிலையில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்தது, உச்சியில் இருந்தவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு. நீங்கள் சொன்ன புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மிஞ்சியது. பிறகு நடந்த இரண்டாம் ஆய்வில், தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று தெரிந்தது. எங்கள் லைன் பெண் கை தூக்கி அனுமதி கேட்டு நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். உங்கள் பிரஷரை உங்கள் பொறுப்பின்மை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தயவுசெய்து நேரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

சூப்பர்வைசர்

இந்த எண்ணிக்கை எனக்குத் தெரியாது. வீட்டில் காட்டினேன், "இதைத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். ரிலீவர் முறையை எங்கள் லைனிலும் கேட்டுப் பார்க்கிறேன். உற்பத்தி குறைந்ததா?

தொழிற்சாலைச் செவிலியர்

எங்கள் லைனில் குறையவில்லை சார். ரிலீவர் எங்கே இருக்கிறார் என்று தேடி அலைவது நின்றது. மேலாளரிடம் கேட்கும்போது உடம்பு, இரக்கம் என்று தொடங்க வேண்டாம். ரிலீவர் வரும் நேரத்தைத் தாளில் அட்டவணையாக எழுதி, ஒரு லைனுக்கு மட்டும், குறிப்பிட்ட தேதிவரை என்று கேளுங்கள். எங்கள் மேலாளர் சம்மதித்தது அந்த அட்டவணையைப் பார்த்துத்தான்.

அழைப்பு மையத் தங்கைக்கும் ஒன்று. திட்டு வாங்கிய அழைப்புக்குப் பிறகு அடுத்த அழைப்பு தானாக வராமல் இரண்டு நிமிடம் தள்ளிப்போடும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று டீம் லீடரிடம் விசாரியுங்கள். பல இடங்களில் இருக்கும், யாரும் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். தனியாகக் கேட்காதீர்கள், தோழியையும் இன்னும் நான்கைந்து பேரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.