புதுப்பிப்பு: வேலை செய்யாதவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்கச் சொன்ன விவகாரம்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. விஷயம் முடிந்துவிட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: என் கட்டுரையை ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பிய பிறகு, அதில் எந்தப் பங்கும் இல்லாத துறைத்தலைவரையும் ஆசிரியராகச் சேர்க்கும்படி நெறியாளர் சொன்னார். மறுக்கப் பயம், ஒப்புக்கொள்ள மனமில்லை.

"சண்டை வேண்டாம், விதியைக் காட்டுங்கள்" என்று இங்கே ஒருவர் சொன்னதுதான் பலித்தது. ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் அடங்கிய சர்வதேசக் குழு) விதிப்படி கட்டுரையின் ஆசிரியர் ஆக இந்த நான்கும் வேண்டும்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. நிதி வாங்கித் தந்ததோ பொதுவான மேற்பார்வையோ மட்டும் போதாது.

அதை அச்செடுத்தேன். கூடவே, கட்டுரைக்கு யார் என்ன வேலை செய்தார் என்று பிரித்துக் காட்டும் கிரெடிட் (CRediT) வகைப்பாட்டின் 14 பங்குகளை அட்டவணையாகப் போட்டு, எதிரே பெயர்களை எழுதி நெறியாளரிடம் நீட்டினேன். "ஹெச்ஓடி சார் பெயரை எந்தக் கட்டத்தில் போடட்டும் சார்?" அவ்வளவுதான் கேட்டேன். பேனாவால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவிப் பார்த்தவர், "சரி, நன்றியுரையில் போட்டுவிடு" என்றார்.

எதிர்பாராதது இதுதான்: நன்றியுரையில் பெயர் போடவும் அவருடைய எழுத்துபூர்வ அனுமதியை இதழ் கேட்டது. வாங்கப் போனால், துறைத்தலைவருக்கு இந்தக் கதையே தெரியாது! இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

"இப்போது சேர்த்துவிட்டு அப்புறம் எடுத்துவிடுங்கள்" என்ற நண்பருக்கு: சமர்ப்பித்த பின் பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் எல்லா ஆசிரியர்களின் ஒப்புதலும் வேண்டும் என்று அந்த இதழ் சொல்லிவிட்டது.